வெந்நீர் வரவில்லையா? முதலில் குழாயைச் சோதியுங்கள்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 5 மணிக்குப் பால் கறக்கும் வீடுகளில் வெந்நீர் ஆடம்பரப் பொருள் அல்ல. மாட்டின் மடியைத் துடைக்க வேண்டும். பால் கேனையும் கறவைப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் குளிக்க வேண்டும். விறகடுப்பில் அண்டா வைத்து நீர் காய்ச்சிய வீடுகள் பலவற்றில் இன்று மாடியில் சூரிய வெந்நீர் சாதனமோ, குளியலறையில் மின்சார கீசரோ வந்துவிட்டது. ஆயினும், "இத்தனை பணம் போட்டும் வெந்நீர் நூல் போலத்தான் வருகிறது, வந்தாலும் சூடில்லை" என்ற குறை பல வீடுகளில் கேட்கிறது.

உடனே சாதனம் பழுது என்று முடிவு கட்டி, கடன் வாங்கிப் புதியது வாங்குவோர் உண்டு. யாரோ சொன்னதைக் கேட்டு, தண்ணீரை வேகமாகத் தள்ளும் சிறு மோட்டார் வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. பல நேரங்களில் குறை சாதனத்தில் இருப்பதில்லை. அதற்கு நீர் வரும் வழியில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாளி, ஒரு கடிகாரம், கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஆகிய மூன்றுமே போதும்.

உயரமே அழுத்தம்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் நீரின் அழுத்தம், தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது அன்று. 500 லிட்டர் தொட்டியானாலும் 2000 லிட்டர் தொட்டியானாலும், நீர்மட்டம் குழாய்க்கு மேல் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறதோ அதற்கு ஏற்ற அழுத்தமே கிடைக்கும். 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. ஓட்டு வீட்டின் பக்கத்தில் நீர்மட்டம் 10 அடி உயரத்தில் நிற்கும்படி மேடை கட்டி வைத்த தொட்டி, தரைமட்டக் குழாய்க்கு ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தையே தரும். குளியலறைக் குழாய் தரைக்கு 3 அடி உயரத்தில் இருந்தால் அதுவும் குறையும். தலைக்கு மேல் 7 அடியில் உள்ள பூவாளிக் குழாய்க்கு மீதி இருப்பது 3 அடி உயரம்தான். அது சொட்டுச் சொட்டாக விழுவதில் வியப்பில்லை.

அழுத்தம் வேறு, நீரின் வரத்து வேறு. மூடிய குழாயில் நிற்கும் நீருக்கு உயரத்தின் முழு அழுத்தமும் இருக்கும். குழாயைத் திறந்து நீர் ஓடத் தொடங்கியதும், குழாயின் உட்சுவர், முழங்கை வளைவு, வால்வு ஒவ்வொன்றும் உராய்ந்து அந்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிற்கும் நீர் தொட்டியின் உயரத்தைக் காட்டும். ஓடும் நீர் குழாயின் நிலையைக் காட்டும். இந்த இரண்டையும் தனித்தனியே பார்த்தால் குறை எங்கே என்பது தானே விளங்கும்.

வாளியும் கடிகாரமும்

முதலில் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். மற்றக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, ஒரு குழாயை முழுதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 1 நிமிடத்தில் நிறைந்தால் நல்ல வரத்து. 2 நிமிடத்துக்குள் நிறைந்தால் வாளியில் பிடித்துக் குளிக்கும் வீட்டுக்கு ஒருவாறு போதும். 4 நிமிடத்துக்கு மேல் ஆனால் எங்கோ தடை இருக்கிறது, அல்லது உயரம் போதவில்லை.

இவ்வாறே சமையலறை, குளியலறை, மாட்டுக் கொட்டகை ஆகிய எல்லா இடத்துக் குழாய்களையும், குளிர்நீர், வெந்நீர் இரண்டிலும் அளந்து ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. தாளைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறை என்றால் கோளாறு அந்தக் குழாயின் வாயிலேயே இருக்கும். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் மணலும் உப்புக் கட்டியும் அடைத்திருக்கும். அதை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் திறந்துகொள்ளும். திருகு குழாயின் உள்ளே உள்ள வாஷர் தேய்ந்து வழியை மறைப்பதும் உண்டு.

எல்லாக் குழாய்களிலும் குறை என்றால் கோளாறு தொட்டியிலோ, அங்கிருந்து இறங்கும் பொதுக் குழாயிலோ இருக்கும். குளிர்நீர் நன்றாக வந்து வெந்நீரில் மட்டும் குறை என்றால், வெந்நீர் சாதனத்துக்கு நீர் போகும் குழாய் முதல் வெந்நீர்க் குழாய் வரை உள்ள பகுதியைத்தான் ஆராய வேண்டும்.

லெவல் டியூப் சோதனை

எல்லாக் குழாய்களிலும் குறை உள்ள வீட்டில் அடுத்து லெவல் டியூபை எடுக்க வேண்டும். வாசல் குழாயின் வாயில் டியூபின் ஒரு முனையைச் செருகி, பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டவேண்டும். மறுமுனையைத் திறந்தபடியே ஏணியிலோ மாடிச் சுவரிலோ தொட்டியின் மேல்மட்டம் வரை உயர்த்திப் பிடிக்க வேண்டும். வீட்டின் மற்றக் குழாய்களை மூடிவிட்டு வாசல் குழாயைத் திறந்தால் டியூபில் நீர் ஏறி ஓரிடத்தில் நிற்கும்.

நீர் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சரியாக நின்றால், தொட்டி முதல் அந்தக் குழாய் வரை வழி அடியோடு மூடவில்லை என்று பொருள். ஆனால் வழி தாராளமாக இருக்கிறது என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. பாதி அடைத்த குழாயிலும் நீர் மெல்ல ஏறி அதே மட்டத்துக்கு வந்துதான் நிற்கும்.

இப்போது வேறொருவர் குளியலறைக் குழாயை முழுதும் திறக்க வேண்டும். டியூபில் நீர் எத்தனை அடி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் 10 அடி உயரத்தில் நின்ற நீர் 2 அடிக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். அப்படியானால் இரண்டு குழாய்களுக்கும் பொதுவாக வரும் குழாயே 8 அடி உயரத்தின் அழுத்தத்தைத் தின்கிறது. கோளாறு அங்கேதான். மாறாக, ஓர் அடி மட்டும் இறங்கி, குளியலறையில் நீர் மெதுவாகவே வந்தால், பொதுக் குழாய் நன்றாக இருக்கிறது. குளியலறைக்குப் பிரியும் கிளைக் குழாயில்தான் அடைப்பு.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போதும் டியூபில் நீர் தொட்டி மட்டத்துக்கு ஏறாமல் கீழேயே நின்றுவிட்டால், குழாயில் காற்று அடைத்திருக்கக் கூடும். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது இது நேரும். கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி இறங்கும் குழாயின் வளைவில் காற்று தங்கிக்கொண்டு நீரை மறிக்கும். வளைவை நீக்கிக் குழாயைச் சரிவாக அமைக்கலாம். முடியாவிட்டால், வளைவின் உச்சியிலிருந்து தொட்டியின் தலைமட்டத்துக்கு மேலே போகும்படி ஒரு காற்றுக் குழாய் வைக்கலாம்.

வால்வும் உப்பும் துருவும்

பொதுக் குழாயில் குறை என்று தெரிந்ததும் குழாயை உடைக்க வேண்டியதில்லை. முதலில் தொட்டிக்குள் பார்க்க வேண்டும். நீர் வெளியேறும் வாயில் பாசியோ, இலையோ, சேறோ அடைத்திருக்கலாம். அடுத்துத் தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வு. பழைய வால்வுகளில் கைப்பிடி சுற்றும். ஆனால் உள்ளே உள்ள தகடு கழன்று பாதியில் விழுந்து கிடக்கும். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வால்வு ஒன்றை மாற்றியதிலேயே வீடு முழுதும் நீர் சீராவது உண்டு.

இவை சரியாக இருந்தால் குழாயின் உட்புறம்தான் மிச்சம். பழைய ஜி.ஐ. குழாய்களில் துரு கட்டி கட்டியாக வளர்ந்து வழியைக் குறுக்கும். காலையில் முதலில் வரும் நீர் காவி நிறமாக இருப்பது இதன் அடையாளம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் படியும். தர்மபுரி, நாமக்கல், திண்டுக்கல் போன்ற கடினப் பாறை மாவட்டங்களில் பல கிணறுகளில் இவ்வகை நீரே கிடைக்கிறது. துணிக்கு சோப்பு நுரைக்காமை, பாத்திரத்தில் வெள்ளைப் படலம், பருப்பு எளிதில் வேகாமை ஆகியவற்றைக் கொண்டு இதை அறியலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை ஏற்கலாம்.

படிவு சிறிது என்று எண்ணக் கூடாது. அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் படிவினால் பாதியாகக் குறைந்தால், நீர் பாதியாகக் குறைவதில்லை. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெந்நீர் போகும் குழாயில் இது இன்னும் விரைவாக நேரும். நீர் சூடாகும்போதுதான் கரைந்துள்ள சுண்ணாம்பு பிரிந்து பாறையாகப் படிகிறது.

வரத்து குறைந்தால் சூடு ஏன் குறைகிறது?

சாதனத்துக்கும் குளியலறைக்கும் இடையே 100 அடி அரை அங்குலக் குழாய் இருந்தால், அதற்குள் 5 லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். இரவில் அது குளிர்ந்துவிடும். அது முழுதும் வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரத்து உள்ள வீட்டில் ஒரு நிமிடத்துக்குள் சூடு வந்துவிடும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வரும் வீட்டில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வெந்நீரும் மெதுவாக ஊர்ந்து வருவதால், வழியெல்லாம் குளிர்ந்த குழாய்க்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு வெதுவெதுப்பாகவே வந்து சேரும். சாதனத்தில் சூடு இருக்கிறது, வாளிக்குத்தான் வரவில்லை. எனவே மாடியில் சாதனத்தின் அருகே, வெந்நீர் வெளியேறும் குழாயின் வெளிப்புறத்தைப் பார்த்துத் தொட்டு, அங்குள்ள சூட்டையும் குளியலறையில் உள்ள சூட்டையும் ஒப்பிட வேண்டும். மேலே சுடுகிறது, கீழே சுடவில்லை என்றால் சாதனம் குற்றமற்றது.

சூரிய வெந்நீர் சாதனம்: இதில் வெந்நீர் தொட்டியின் மேற்பகுதியில் நிற்கும். கீழே குளிர்நீர் புகுந்து தள்ளினால்தான் வெந்நீர் வெளியே வரும். மேல்நிலைத் தொட்டி காலியானால், வெந்நீர்த் தொட்டி நிறையச் சுடுநீர் இருந்தும் குழாயில் ஒரு சொட்டு வராது. ஆகவே மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம், வெந்நீர்த் தொட்டியின் தலைமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டையும் மாடியில் ஒரே மட்டத்தில் வைத்துவிடுவது அடிக்கடி காணும் தவறு. அப்போது வெந்நீர்த் தொட்டி முழுதும் நிரம்பாது. நீர்மட்டம் தகட்டிலிருந்து சூடான நீர் திரும்பும் துளைக்குக் கீழே போய்விட்டால், நீர் தானாகச் சுழல்வது நின்று, வெயில் அடித்தும் தொட்டி சூடேறாது.

தேக்கி வைக்கும் கீசர்: இதிலும் உள்ளே வரும் குளிர்நீரே வெந்நீரைத் தள்ளுகிறது. நுழைவாயிலில் உள்ள ஒருவழி வால்வில் உப்புப் படிந்தால் வெந்நீர் நூலாகிவிடும். உள்ளே கம்பியின் மேல் படிவு ஏறினால், கம்பியின் சூடு நீருக்கு எளிதில் போகாமல் கம்பியே கருகிவிடும்.

உடனடி கீசர்: இதில் குறை வேறு விதமாகத் தெரியும். 3 கிலோவாட் கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் நீரைச் சுமார் 14 டிகிரி சூடாக்கும். 1.5 லிட்டர் ஓடினால் சுமார் 28 டிகிரி சூடாக்கும். நீர் மேலும் குறைந்தால் அளவுக்கு மீறிச் சுட்டு, பாதுகாப்பு விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சற்று நேரம் சுடுநீர், சற்று நேரம் பச்சைத் தண்ணீர் என்று மாறி மாறி வந்தால் நீர் வரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கீசர் உள்ளவர்கள் மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், கம்பி தரும் சூடு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். வாளி நன்றாக நிறைகிறது, ஆனால் நீர் சூடாக நேரமாகிறது என்றால் காரணம் குழாயில் இல்லாமல் கம்பியிலோ மின்னழுத்தத்திலோ இருக்கலாம்.

தொட்டியை உயர்த்துவதா, குழாயை மாற்றுவதா?

10 அடி உயர நீர்மட்டம், 100 அடி நீள அரை அங்குலக் குழாய் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டியை இன்னும் 3 அடி உயர்த்திக் கட்டினால் வரத்து சுமார் ஆறில் ஒரு பங்கே கூடும். அதே உயரத்தில் பொதுக் குழாயை முக்கால் அங்குலமாக மாற்றினால் வரத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மேடைக்குச் செங்கல்லும் சிமெண்டும் வாங்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நலம். லெவல் டியூபில் நீர் வெகுவாக இறங்கிய வீட்டுக்குக் குழாய் மாற்றமே மருந்து. நீர் இறங்காமலும் எல்லா இடத்திலும் வரத்து குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் உயரம் தேவை.

தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக் குழாய் 1 அங்குலம், பிரியும் குழாய் முக்கால், கடைசிக் கிளை அரை என்று அமைத்தால் சிறு வீட்டுக்குப் போதும். ஆனால் சாதனத்திலிருந்து வரும் வெந்நீர்க் குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்க வேண்டாம். பெரிய குழாயில் குளிர்ந்து நிற்கும் நீரும் மிகுதி. வெந்நீர்க் குழாய் குறுகிய தூரமாக, வளைவு குறைந்ததாக, வெப்பம் போகாதபடி உறை சுற்றியதாக இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் சூட்டில் இளகும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாயே ஏற்றது.

குளிர்நீரும் வெந்நீரும் ஒரே தொட்டியிலிருந்து வருவதும் அவசியம். குளிர்நீர் மோட்டாரிலிருந்து நேரே வேகமாக வந்து, வெந்நீர் மாடியிலிருந்து மெல்ல இறங்கினால், இரண்டும் கலக்கும் குழாயில் குளிர்நீர் வெந்நீரை மறித்துத் திருப்பித் தள்ளிவிடும். மோட்டார் நின்றதும் திடீரெனக் கொதிநீர் கொட்டும். குழந்தைகளைக் குளிப்பாட்டும் இடத்தில் இது பெரிய ஆபத்து.

செய்யக் கூடாதவை

ஊராட்சிக் குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது. அது அடுத்த வீட்டாரின் நீரைப் பறிப்பதோடு, குழாயின் விரிசல் வழியே சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துவிடும். தொட்டி உயரத்தின் அழுத்தத்துக்கு மட்டுமே செய்யப்பட்ட சூரிய வெந்நீர்த் தொட்டிக்கு அழுத்தம் கூட்டும் மோட்டார் பொருத்தினால் தொட்டி பிளந்துவிடும். எந்த அழுத்தத்துக்குச் செய்தது என்று விற்றவரிடம் கேட்டறியாமல் மோட்டார் வாங்கக் கூடாது.

கண்ணாடிக் குழல் உள்ள சாதனம் காலியாகி வெயிலில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் விடக் கூடாது, குழல்கள் வெடித்துவிடும். அதிகாலையிலோ, இரவில் குழல் நன்கு ஆறிய பின்போ நிரப்ப வேண்டும். கீசரில் நீர் நிரம்பியதை உறுதி செய்யாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. கீசரின் பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. கீசரைத் திறக்கும் வேலையை மின்சாரத்தைத் துண்டித்து, தொழில் தெரிந்தவரைக் கொண்டே செய்ய வேண்டும். படிவைக் கரைக்கக் கடும் அமிலத்தை ஊற்றினால் குழாயும் தொட்டியும் சேர்ந்து அரிக்கும்.

ஆண்டுக்கு ஒரு நாள்

உப்பு நீர் உள்ள ஊரில் ஐப்பசி, கார்த்திகையில், குளிர் தொடங்குமுன், ஒரு நாளை இதற்கென ஒதுக்குவது நல்லது. தொட்டியைக் கழுவி, சாதனத்தின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து வண்டலை வெளியேற்றி, வாளிச் சோதனையை மறுபடி செய்து பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். சென்ற ஆண்டு 2 நிமிடத்தில் நிறைந்த வாளிக்கு இவ்வாண்டு 3 நிமிடம் ஆனால் படிவு வளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். புதிதாகச் சாதனம் வாங்குவோர், கடின நீருக்கென உள்ள வெப்பமாற்றி வகையைக் கேட்டு வாங்குவது நலம். அதில் கிணற்று நீர் சூரியத் தகட்டுக்குள் போவதில்லை. தகட்டுக் குழல்கள் அடைபடுவதில்லை.

பால் கேன் கழுவ 20 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வரும் வீட்டில் 10 நிமிடம் போகிறது. 6 லிட்டர் வரும் வீட்டில் மூன்றரை நிமிடத்தில் வேலை முடிகிறது. சங்கத்துக்குப் பால் கொண்டுபோகும் அவசரத்தில், வெந்நீருக்குக் காத்திராமல் பச்சைத் தண்ணீரில் அலசிய கேனில்தான் பால் கெடத் தொடங்குகிறது. ஆகவே குறை தென்பட்டவுடன் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் வாளி, அடுத்து லெவல் டியூப், பிறகு வால்வு, அதன் பின் குழாய், கடைசியில்தான் சாதனம் என்ற வரிசையில் பார்த்து வந்தால், கைப்பணம் கரையாமலே வெந்நீர் வாசலுக்கு வந்து சேரும்.